கருடனுக்கும் தண்ணிக்காரத் தம்பிக்கும் நடுவே எங்கள் சம்பந்தியம்மா

செய்தி வந்தபோது குரும்பலூரில் எங்கள் வீட்டில் இருந்தவர்கள் மூன்று பேர்: நான், என் வீட்டுக்காரர், மாவிளக்குக்கு வெல்லம் கேட்டு வந்திருந்த பக்கத்து வீட்டுத் தேவகி. வேறு யாரும் இல்லை. புரட்டாசிக் கடைசிச் சனிக்கிழமை. பெருமாளுக்குத் தளிகை போட்டாகிவிட்டது. தேங்காய் உடைக்க வேண்டியதுதான் பாக்கி. அரியலூரிலிருந்து சம்பந்தி ஐயா கூப்பிட்டார்.

"களத்துல கடலையக் காயப் போட்டுட்டு வந்து ஒக்காந்தாம்மா. தண்ணி கேட்டா. நான் சொம்புல மோந்துகிட்டு வர்றதுக்குள்ள..."

சம்பந்தியம்மா போய்விட்டார். என் வீட்டுக்காரர் போனை வாங்கி, உடனே கிளம்பி வருகிறோம் என்றார். தேவகிதான் விளக்கைக் காற்றில் அணையாமல் நகர்த்தி வைத்தாள்.

செந்தாமரை அம்மாவை அறிந்த உங்கள் எல்லோருக்கும் இதை எழுதுகிறேன். உங்களில் பலருக்கு அவரைக் கடலைக் கொல்லைக்காரராகத் தெரியும், வாய்த்துடுக்கானவராகத் தெரியும். ஐரோப்பாவில் நடக்கும் சைக்கிள் பந்தயங்களில் அந்தந்த வருஷத்தில் யார் சிறந்த வீரர் என்று என்னோடு மல்லுக்கு நின்றவர் அவர் என்பது சிலருக்குத்தான் தெரியும். அந்த வழக்கு ஒன்று இன்னும் தீராமல் இருக்கிறது. அதற்காகவும் எழுதுகிறேன்.

அவர் என் மகள் கவிதாவின் மாமியார். கல்யாணப் பந்தியில் பாயசம் கடைசி வரிசைக்கு எட்டவில்லை என்று அவர்கள் பக்கம் ஒரு பேச்சு வந்தது. பாயசம் எங்கள் பொறுப்பு. அதற்குப் பிறகு நானும் அவரும் 'வாங்க', 'சாப்டீங்களா' என்ற இரண்டு வார்த்தையோடு நிறுத்திக்கொண்டோம். பிறகு பிள்ளைகள் இருவரும் வேலைக்காகப் பெல்ஜியம் போனார்கள். ஒரு பங்குனியில் கவிதா போன் செய்தாள். "எங்க தெரு வழியா சைக்கிள் ரேஸ் போவுதும்மா. டிவியில காட்டுவாங்க. நான் அரக்குக் கலர் சேல கட்டிக்கிட்டு நிப்பேன். அத்தையையும் கூப்ட்டு வச்சுக்கிட்டுப் பாருங்க."

சம்பந்தியம்மா அரியலூரில் பஸ் ஏறிப் பெரம்பலூரில் மாறி வந்து சேர்ந்தார். இருவரும் டிவி முன்னால் ஆளுக்கொரு மூலையில் உட்கார்ந்தோம். முதலில் ஒரே ஒரு ஆள் தனியாக மிதித்துக்கொண்டு வந்தார். வெகு பின்னால் நூறு பேர் திரண்டு வந்தார்கள்.

"ஏன் சம்மந்தி, இத்தன பேரு சேந்துக்கிட்டு ஒத்த ஆளத் தொரத்துறாங்களே, அவன் என்ன பண்ணுனான்?"

எனக்கும் தெரியவில்லை. "எதையாச்சும் எடுத்துட்டு ஓடுறானோ என்னமோ" என்றேன்.

"அங்க பாருங்க, கடைசியா வர்ற புள்ளைக்கு முதுகுல கூனு. இந்த ஒடம்ப வச்சிக்கிட்டு ஏன் இவனப் போட்டு ஓட்ட வுடுறாங்க?"

நானும் பாவப்பட்டேன். அந்தப் பிள்ளை திணறித் திணறி முன்னால் போய், சட்டைக்குள் கைவிட்டு ஒரு தண்ணீர் பாட்டிலை எடுத்து ஒருவருக்குக் கொடுத்தார். இன்னொன்றை எடுத்தார். இன்னும் ஒன்று. எடுக்க எடுக்கக் கூன் கரைந்து முதுகு நேராகிவிட்டது. சம்பந்தியம்மா வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு சிரித்தார். நான் சிரித்ததில் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அந்தச் சிரிப்புக்குள் அரக்குச் சேலை கடந்து போய்விட்டது.

"பாத்தீங்களா?" என்று கவிதா கேட்டபோது இருவரும் ஒரே குரலில் "பாத்தோம், பாத்தோம்" என்றோம். பாயசம் அன்றோடு மறந்து போயிற்று.

அதிலிருந்து விடவில்லை. மாப்பிள்ளை டிவியிலேயே எல்லாப் பந்தயமும் வருகிறபடி செய்து கொடுத்தார். அந்த ஊர்ப் பெயர்கள் எங்கள் வாயில் நுழையாது. நாங்களே பெயர் வைத்தோம். ஜெயித்து வரும்போது இரண்டு கையையும் விரித்துக்கொண்டு வருகிறவர் கருடன். அது நான் வைத்த பெயர். கூன் கரைந்த பிள்ளை தண்ணிக்காரத் தம்பி. அது அவர் வைத்தது. ஆடி மாதத்தில் மலைப் பந்தயம் வரும்போது சம்பந்தியம்மா துணிமணியோடு வந்து இங்கேயே தங்குவார். இங்கே விளக்கு வைக்கிற நேரம், அங்கே இன்னும் வெயில் சாயாமல் இருக்கும். சூரியகாந்திக் கொல்லைகளுக்கு மேலே ஹெலிகாப்டர் பறக்கிற சத்தம் விசிறிச் சத்தத்தோடு கலந்துவிடும். சைக்கிள்கள் ஆற்றுநீர் மாதிரி வளைந்து, பாலத்துக்கு அடியில் மறைந்து, மறுபுறம் வெளியே வரும். பார்த்துக்கொண்டிருக்கும்போதே கண் செருகும். விழிக்கும்போது இன்னொரு ஊர், இன்னொரு கோபுரம், அதே ஓட்டம். "நானும் போயிட்டுதான் சம்மந்தி வந்தேன், நீங்க தூங்குனீங்க" என்பார் சம்பந்தியம்மா. இப்போதும் வேப்பந்தட்டை பஸ்ஸில் போனால், மலை தெரிகிற இடத்தில், மக்காச்சோளக் கொல்லைக்கு ஓரமாக அந்தச் சைக்கிள் கூட்டம் சத்தமில்லாமல் கூடவே வருகிறது. நான் திரும்பிப் பார்ப்பதில்லை. பார்த்தால் போய்விடும்.

வருஷத்துக்கு ஒருமுறை தீர்ப்பு. ஐப்பசி முதல் சனிக்கிழமை, புரட்டாசிக் கூட்டம் வடிந்த பிறகு, கல்லங்குறிச்சிப் பெருமாள் கோயிலில் சேவித்துவிட்டு வெளிப் பிராகாரத்தில் புளியோதரைப் பாத்திரத்தோடு உட்காருவோம். நான், சம்பந்தியம்மா, என் வீட்டுக்காரர். போனில் கவிதாவும் மாப்பிள்ளையும். ஆளுக்கு ஒரு ஓட்டு. சம்பந்தி ஐயாவைக் கூப்பிட்டால், "எனக்கு மாட்டு வண்டி ரேஸே புரியாது" என்று தேங்காய்மூடியோடு தூணில் சாய்ந்துவிடுவார்.

இதில் ஒரு நிபந்தனை. ஓட்டுப் போடுவதற்கு முன்னால், எதிராளி யாருக்காக நிற்கிறாரோ அந்த ஆளுக்காக நாம் பேச வேண்டும், எதிராளியே 'சரி' என்று தலையாட்டும் அளவுக்கு. பேசாதவர் ஓட்டு செல்லாது. இது சம்பந்தியம்மாவின் மாமனார் வரப்புச் சண்டைகளைத் தீர்த்த வழியாம். "அடுத்தவன் நியாயத்த ஒன் வாயால சொல்லு, பொறவு ஒன் நியாயத்தக் கேக்குறேம்பாரு" என்று சம்பந்தியம்மா சொல்லுவார்.

யாருடைய ஆள் ஜெயிக்கிறாரோ அவர் வீட்டுக்கு ஒரு கல் போகும். சம்பந்தியம்மா வீட்டுக் கொல்லையில் கிணறு வெட்டும்போது கிடைத்த கல். முழுக்க நத்தைக்கூடு மாதிரி சுருண்டிருக்கும். அரியலூர்ப் பக்கம் மண்ணுக்கு அடியில் இப்படி நிறையக் கிடைக்கும். "கடல் இருந்த ஊரு சம்மந்தி இது. நாமெல்லாம் தண்ணி வடிஞ்ச எடத்துல வூடு கட்டிக்கிட்டு ஒக்காந்திருக்கோம்" என்பார். கல்லைக் காதில் வைத்தால் எனக்கு ஒன்றும் கேட்காது. அவருக்குக் கேட்கும்.

நான் கணக்கு எழுதிப் பழகியவள். யார் எத்தனை பந்தயம் ஜெயித்தார், எவ்வளவு முன்னால் வந்தார் என்பதை வைத்துத்தான் பேசுவேன். "சம்மந்தி மளிகைக் கணக்க எடுத்துட்டாங்க, எல்லாரும் பைய வெளிய வையிங்க" என்று கேலி பேசுவார். அவருக்குக் கணக்கு பிடிக்காது என்று நினைக்காதீர்கள். ஒரு வருஷம், விழுந்து தோள் எலும்பு முறிந்தும் ஓட்டி முடித்த ஒருவருக்கு மாப்பிள்ளை ஓட்டுப் போட்டார். அந்த ஆளுக்குத்தான் சம்பந்தியம்மாவும் நின்றார்; ஆனாலும் மகனை விடவில்லை.

"ஏன்டா அவனுக்குப் போட்ட?"

"பாவமா இருந்துச்சும்மா."

"பாவமா இருந்தா பழம் வாங்கிக் குடு. ஓட்டு குடுக்காத. அவன் என்ன பண்ணுனான்னு பாத்துச் சொல்லு. பாக்கலன்னா வாய மூடிக்க."

மாப்பிள்ளையின் ஓட்டு அந்த வருஷம் செல்லாமல் போனது. சம்பந்தியம்மாவின் ஆள் அதனால்தான் தோற்றார். கல் என் வீட்டுக்கு வந்தது.

இந்த வருஷத்து வழக்குக்கு வருகிறேன். என்னுடைய ஆள் கருடன். மழையில், மலைக்கு வெகுதூரம் முன்பே எல்லோரையும் விட்டுவிட்டுத் தனியாகப் பறந்தார். வசந்தத்திலும் ஜெயித்தார், ஆடியிலும் ஜெயித்தார். என் வீட்டுக்காரரும் கவிதாவும் என் பக்கம். சம்பந்தியம்மா தண்ணிக்காரத் தம்பிக்கு நின்றார். அந்தத் தம்பி இந்த வருஷம் ஒன்றுகூட ஜெயிக்கவில்லை. எந்த வருஷமும் ஜெயித்ததில்லை.

"ஜெயிக்காதவருக்குப் பரிசா?" என்று கேட்டேன்.

"ஜெயிச்சவனுக்கு அங்கயே குடுத்துட்டாங்க சம்மந்தி. அதையே திருப்பிச் சொல்றதுக்கா நாம புளிச்சோறு கட்டிக்கிட்டுப் போறோம்?"

இறந்துபோவதற்கு இரண்டு நாள் முன்னால் போனில் கூப்பிட்டார். ஐப்பசிச் சனிக்கிழமை வரை பொறுக்க முடியாமல், கருடனுக்காகப் பேசத் தொடங்கிவிட்டார். அந்த மழையில் தார் ரோடு மின்னியதைச் சொன்னார். முன்னால் யாருமே இல்லாமல் ஓட்டுகிறவனுக்குக் காற்று முழுக்கத் தன் நெஞ்சில் அடிக்கும், ஒதுங்க முதுகு இல்லை என்றார். "பயமில்லாதவன் இல்ல சம்மந்தி அவன். திரும்பித் திரும்பிப் பாத்தான், நீங்க கவனிக்கல. பயந்துகிட்டே போனான். அதான் பெருசு." கருடனை நான்கூட அப்படிப் பார்த்ததில்லை. "சரி" என்றேன். அவர் ஓட்டு செல்லுபடியாகிவிட்டது. "அடுத்து ஒங்க மொற. கோயில்ல வச்சுப் பேசுங்க. கல்லத் தொடச்சு வையிங்க, எங்க வூட்டுக்கு வரப் போவுது" என்றார்.

என் முறை வருவதற்குள் அவர் போய்விட்டார். ஐப்பசி முதல் சனிக்கிழமை நாங்கள் யாரும் கல்லங்குறிச்சிக்குப் போகவில்லை.

கருமாதி முடிந்த பிறகு வந்த சனிக்கிழமை நானும் என் வீட்டுக்காரரும் போனோம். அந்தப் பெருமாள் கம்பமாக நிற்பவர். நீண்ட கல்லைத்தான் சுவாமியாகச் சேவிக்கிறோம். எல்லோரும் அண்ணாந்து பார்க்கிறார்கள், நானும் அப்படித்தான் இத்தனை காலம் பார்த்தேன். அன்று தலையை நிமிர்த்தத் தெம்பில்லை. கீழே பார்த்தேன். கம்பத்தின் அடியில் ஆஞ்சநேயர் இருந்தார். முன்பே தெரிந்ததுதான், புதிதல்ல. ஆனாலும் அங்கேயே நின்றுவிட்டேன். பின்னால் இருந்தவர் "நகருங்கம்மா" என்று சொல்லும்வரை நின்றேன்.

பிராகாரத்தில் வழக்கமான இடத்தில் உட்கார்ந்து, என் வீட்டுக்காரரைச் சம்பந்தியம்மாவாக வைத்து, என் முறையைப் பேசினேன். அவரை அறிந்த நீங்களும் கேளுங்கள்.

மலைப் பந்தயத்தில் ஒரு நாள் தண்ணிக்காரத் தம்பி முன்னால் போய்விட்டார். அவர் வாழ்நாளில் முதல்முறையாக ஜெயிக்கிற தூரத்தில் இருந்தார். அப்போது பின்னால் அவருடைய அணித் தலைவரின் சக்கரத்தில் காற்றுப் போய்விட்டது. காதில் இருந்த கருவியில் உத்தரவு வந்திருக்க வேண்டும். தம்பி காலை ஊன்றி நின்றுவிட்டார். தலைவர் வந்து சேர்ந்ததும் தன் முன்சக்கரத்தைக் கழற்றிக் கொடுத்தார். முதுகில் கைவைத்துத் தள்ளிவிட்டார். ஒற்றைச் சக்கரச் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு ஓரமாக நின்றார். வேறு சக்கரம் வந்து அவர் ஏறியபோது எல்லோரும் போய்விட்டிருந்தார்கள். மறுநாள் பார்த்தால் சட்டைக்குள் பாட்டிலோடு அதே கூன்.

என் வீட்டுக்காரர் தலையாட்டினார். "செந்தாமரையம்மா இருந்தா 'சரி'ன்னிருப்பாங்க. நீ ஒன் ஓட்டப் போடு" என்றார்.

அங்கே போட முடியவில்லை. அவர் போய்விட்டதற்காக அவர் பக்கம் சாய்கிறேனோ என்று பயம். சாய்ந்தால் அவரே ஏற்க மாட்டார், பழம் வாங்கிக் கொடுக்கச் சொல்லுவார். வீட்டுக்கு வந்து அந்தப் பந்தயத்தைப் போட்டுப் பார்த்தேன். முதல்முறை பார்த்தது சம்பந்தியம்மாவைத்தான். பிறகு அழுகை ஓய்ந்து பார்த்தபோதுதான் அது தெரிந்தது. தலைவரைத் தள்ளிவிட்ட பிறகு, உதவி வண்டி வருகிறதா என்று பின்னால் திரும்புவதற்கு முன்பு, தம்பி ஒரே ஒருமுறை மேலே மலைப்பாதையைப் பார்க்கிறார். தான் ஜெயித்திருக்கக்கூடிய பாதையை. வேண்டும் என்று பார்க்கிறார். தனக்கு ஆசை இல்லாததால் கொடுத்தவர் இல்லை அவர். ஆசை இருந்தும் கொடுத்தவர். கருடனுக்கு என்னிடம் எவ்வளவோ கணக்கு இருக்கிறது. இதை எந்தக் கட்டத்தில் எழுதுவது என்று எனக்குத் தெரியவில்லை. பார்த்துத்தான் சொல்கிறேன். என் ஓட்டு தண்ணிக்காரத் தம்பிக்கு.

கருடனுக்கு, தம்பிக்காகவும் முறைப்படி பேசிவிட்டு, என் வீட்டுக்காரரும் கவிதாவும். தம்பிக்குச் சம்பந்தியம்மாவும் நானும். மிச்சம் மாப்பிள்ளை.

கேட்டால், "இந்த வருசம் வேணாமே அத்த" என்கிறார். தாயைப் பறிகொடுத்தவர், அவர் மனம் எனக்குப் புரிகிறது. அம்மாவின் ஆளுக்குப் போட்டால் பாவத்துக்குப் போட்டதாகிவிடும், எதிராகப் போட்டால் அம்மாவைத் தோற்கடித்ததாகிவிடும். ஆனால் தீர்ப்பில்லாமல் ஒரு வருஷத்தை விட்டால் சம்பந்தியம்மாவின் கடைசி ஓட்டு அந்தரத்தில் நிற்கும். அவர் அதை முறைப்படி பேசிப் போட்டவர்.

அவரிடமிருந்து எனக்கு நிற்பது இவ்வளவுதான்: வாயில் முந்தானை வைத்துச் சிரிக்கிற அந்தச் சத்தம், எதிராளியின் நியாயத்தை முதலில் என் வாயால் சொல்லிப் பார்க்கிற பழக்கம். கல் என்னுடையதல்ல. அதைத் துடைத்துப் பூஜையறையில் வைத்திருக்கிறேன். நேற்று விளக்கேற்றிவிட்டுக் காதில் வைத்துப் பார்த்தேன். ஹெலிகாப்டர் மாதிரி ஏதோ தூரத்தில் கேட்டது. மேலே விசிறி ஓடிக்கொண்டிருந்ததாலும் இருக்கலாம்.

மாப்பிள்ளை, இதை நீங்களும் படிப்பீர்கள். அம்மாவுக்காக எதுவும் செய்ய வேண்டாம். அந்த இரண்டு பந்தயங்களையும் இன்னொரு முறை பாருங்கள். இரண்டு பேருக்காகவும் பேசுங்கள், நான் கேட்கிறேன். கருடன் என்றால் கல் இங்கேயே இருக்கட்டும். தம்பி என்றால் நானே அரியலூர் பஸ் ஏறிக் கொண்டுபோய் உங்கள் அப்பா கையில் கொடுத்துவிட்டு வருகிறேன். எதுவானாலும் சீக்கிரம் பதில் சொல்லுங்கள்.