பதினேழாம் எண் எலியும் என் தம்பியின் வலக்கையும்

ஊரில் இருப்பவர்கள் சிரிப்பீர்கள். இங்கே காலையில் வேலைக்குப் போனதும் நான் முதலில் நலம் விசாரிப்பது ஓர் எலியை. ஸ்வீடனில் ஓர் ஆய்வுக்கூட உதவியாளர் நான். மூளையில் அடிபட்ட எலிகளுக்குப் புதிய செல்களைச் செலுத்துகிறார்கள். வெறும் செல்கள் காயத்தின் பள்ளத்தில் பெரும்பாலும் பிழைப்பதில்லை. அதனால் ஹைட்ரோஜெல் என்ற, பெரும்பகுதி நீராலான கூழில் கலந்து வைக்கிறோம். ஊசியில் நீராகப் போய், உடற்சூட்டில் உறைந்து, அது செல்களைத் தாங்கிக்கொள்ளும். அந்தக் கூழைத் தயாரிப்பது என் வேலை. பதினேழாம் எண் எலி, பெட்டியின் சந்து வழியே முடங்கியிருந்த வலது முன்காலை நீட்டிச் சர்க்கரை உருண்டையை எடுத்த அன்று எல்லோரும் கைதட்டினார்கள். எனக்கு வயிறு எரிந்தது. "பொறாமையாக இருக்கிறது" என்று பக்கத்தில் நின்ற இங்கிரிடிடம் சொல்லிவிட்டேன். அவள் என் தோளைத் தட்டி, "கவலைப்படாதே, கட்டுரையில் உன் பெயரும் வரும்" என்றாள்.

எங்கள் ஊர் நகரியில் என் தம்பி ரவிக்கு வலக்கை விழுந்துவிட்டது. புத்தூர் சாலையில் பைக்கிலிருந்து விழுந்து தலையில் அடி. திருப்பதி ஆஸ்பத்திரியில் உயிரைக் காப்பாற்றி, கைப்பயிற்சி சொல்லி அனுப்பினார்கள். குடிபாலாவிலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்த அவன் மனைவி லட்சுமி, அவர்கள் சொன்னபடி நல்ல இடக்கையைத் துண்டால் கட்டிவிட்டு, தட்டில் வேர்க்கடலையைக் கொட்டி, வலக்கையால் பொறுக்க வைப்பாள். போனில் அம்மாவுக்கு அவள் புராணம்தான். "லச்சுமி இல்லனா உன் தம்பி இல்லடி." படித்தவள், மூளை ஆய்வுக்கூடத்தில் இருப்பவள், எனக்கு அதில் ஓர் இடமும் இல்லையா? ஒருநாள் தாங்காமல் சொன்னேன்: "அவன எதுக்குக் கட்டிப்போட்டு இம்சை பண்றா? இங்க நாங்க மூளைக்கே மருந்து செய்யறோம்."

மூன்று மாதம் கழித்து, வீடியோ காலில் ரவி இடக்கையால் சாப்பிடுவதைப் பார்த்தேன். அதுவரை அவன் முகத்தை மட்டும்தான் காட்டியிருந்தார்கள். வலக்கை மார்போடு மடங்கிக் கிடந்தது.

"கடலை பொறுக்க வைக்கலையாம்மா?"

"நீதான இம்சைன்னு சொன்ன? மருந்து வர்ற வரைக்கும் கைய அலட்ட வேணாம்னு நான்தான் நிறுத்திட்டேன். ஆஸ்பத்திரிக்கும் போவல. நம்ம பொண்ணவிட அவங்களுக்கு இன்னா தெரியும்?"

பின்னாலிருந்து லட்சுமி கேட்டாள்: "எப்பக்கா வரும் அந்த மருந்து? தேதி சொன்னா நானே இட்டுக்கினு வர்றேன்."

கேலியா, நம்பிக்கையா, இன்றுவரை தெரியவில்லை. என் இரண்டு வயது மகள் இடக்கையால் ஸ்பூன் பிடித்தாலே பதறுகிறவள் நான். தம்பியின் கையை என் வாயாலேயே முடக்கியிருந்தேன்.

"அது எலிக்குத்தான் லட்சுமி. மனுஷங்களுக்கு எப்ப வரும்னு இங்க யாருக்கும் தெரியாது. அம்மா உன்னையே புகழ்றாங்கன்னு வயித்தெரிச்சல்ல சொல்லிட்டேன். நாளைக்கே அவனைத் திருப்பதிக்கு இட்டுக்கினு போ."

ரவிதான், சொல் சொல்லாகத் தேடி, கேட்டான்: "அக்கா... எலி... நல்லா கீதா?"

"நல்லா கீதுடா" என்றேன்.

பயிற்சி மறுபடி முதலிலிருந்து. இங்கே மதிய இடைவேளை, அங்கே மாலை. லட்சுமி செல்போனைச் சொம்பில் சாய்த்துவைத்து எனக்குக் காட்டுகிறாள். விரல்கள் இன்னும் சரியாக விரியவில்லை. சோர்ந்தால் அவன் பார்ப்பது அவள் முகத்தை. பொறாமை போய்விட்டது என்று எழுத ஆசைதான், போகவில்லை. திரை முழுக்க அவர்கள் இருவரும். மூலையில், கட்டைவிரல் அகலச் சதுரத்தில், குளிர்கோட்டோடு, மென்று விழுங்க மறந்த ரொட்டித் துண்டை வாயில் வைத்துக்கொண்டு நான்.