தவிடு கோழிக்கா, வீட்டுக்கா?

இன்று கூலிம் கடைத்தெருவுக்குக் கோழித் தவிடு வாங்கப் போனேன்.

"தங்கச்சி, தவிடு கோழிக்கா, வீட்டுக்கா?" என்று கேட்டார் கடைக்கார அண்ணன்.

"வீட்டுல யாருண்ணே தவிடு திம்பாங்க?"

"இப்ப எல்லாரும் வீட்டுக்குத்தான் லா வாங்குறாங்க. கோழிக்குன்னா தர மாட்டேன்."

ஜப்பான்காரன் வந்ததிலிருந்து அரிசி கிடைப்பதே அபூர்வம், மூன்று வேளையும் மரவள்ளிக்கிழங்குதான். அதற்காகத் தவிடா என்று சிரித்துவிட்டேன்.

பக்கத்தில் நின்ற ரப்பர் எஸ்டேட் அக்கா ஒருவர் சிரிக்கவில்லை. குனிந்து, வீங்கியிருந்த என் காலைக் கட்டைவிரலால் அழுத்தினார். விரலை எடுத்த பிறகும் குழி அப்படியே இருந்தது.

"வெறும் கிழங்கையே தின்னா இப்படித்தான் வீங்கும். எனக்கும் வீங்குச்சு. தவிட்டைச் சலிச்சு வறுத்து, கிழங்கு மாவோட பிசைஞ்சு ரொட்டி தட்டு. இப்ப என் காலைப் பாரு."

பார்த்தேன், வீக்கமே இல்லை. வீட்டுக்கென்று சொல்லி வாங்கிவந்து ரொட்டி தட்டினேன். மரத்தூள் மாதிரிதான் இருந்தது, ஆனால் தேங்காய்ப்பூ போட்டால் இறங்குகிறது. வீட்டுக்காரர் இன்னொன்று கேட்டார்.

கோழி வாசலில் நின்று எங்களையே முறைத்துக்கொண்டிருந்தது. அப்போதுதான் கவனித்தேன்: இத்தனை மாதமாக எங்கள் வீட்டில் கால் வீங்காதது அது ஒன்றுதான்.

உங்கள் வீட்டில் நல்ல சாப்பாடு யாருக்குப் போகிறது?