இருண்டதெல்லாம் அப்பா

என் மகளுக்குத் தூரத்தில் இருப்பது தெரியவில்லை என்பதை எனக்குக் காட்டிக்கொடுத்தது ஒரு கரடி. அதற்கு முன்பே நான் கண்டுபிடித்திருக்க வேண்டும். எதிர்மேட்டில் நின்று கையாட்டினால் பதிலுக்கு ஆட்டமாட்டாள். நம் மாட்டை ஓட்டி வா என்றால் அடுத்தவர் மாட்டை ஓட்டி வருவாள். திமிர் என்று நினைத்தேன். ஏழு வயதுப் பிள்ளைக்கு என்ன பெரிய திமிர்? எனக்குத்தான் முன்கோபம். யோசிப்பதற்கு முன்னே கை நீண்டுவிடும்.

வெள்ளைக்காரன் ஆண்ட காலம். மலைமேல் வாழவந்தி நாட்டில் எங்களுக்குச் சாமைக்காடும் மிளகுக்கொடியும் சில பலாமரங்களும் இருந்தன. ஆனி, ஆடிச் சாரலில் வேலைக்குப் போகும்போது கறுப்புக் கம்பளியை மடித்து, தலையும் முதுகும் மறையப் போட்டுக்கொள்வோம். கொங்காடை என்போம். அதைப் போட்டுக் குனிந்து களை கொத்தினால் ஆள் தெரியாது. கறுப்பாய் ஏதோ அசைவதுதான் தெரியும்.

அன்று நான் மேல்காட்டில் இருந்தேன். அவள் எனக்குக் கூழ் கொண்டுவந்தாள். கீழே பலாமரத்தடியில் கறுப்பாய் ஒன்று குனிந்து பழத்தைப் பிய்த்துக்கொண்டிருந்தது. அவள் கலயத்தை ஏந்தியபடி நேராக அதனிடம் போனாள். "அப்பா, கூழுங்க" என்று நீட்டினாள். அது தலையைத் தூக்கியது.

களைக்கொத்தை வீசிக்கொண்டு சரிவில் ஓடினேனா, உருண்டேனா, இன்றுவரை தெரியாது. கரடி என்னைப் பார்த்து ஒருமுறை உறுமிவிட்டு ஓடைப்பக்கம் இறங்கிப் போய்விட்டது. அவளுக்கும் அதற்கும் நடுவே எட்டடி இருந்திருக்கும். கலயத்தில் ஒரு சொட்டுக்கூடச் சிந்தவில்லை. நான் போய் அவளை அறைந்தேன். அப்புறம் கட்டிக்கொண்டு அழுதேன்.

"கண்ணு எங்க போச்சு உனக்கு?"

"நீங்கன்னு நெனச்சேனுங்கப்பா."

அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள். என் மகளுக்கு இருண்டதெல்லாம் அப்பாவாக இருந்திருக்கிறது. அரண்டவன் நான்தான். அடுப்பில் விறகு வெடித்தால்கூட அன்றிலிருந்து எனக்குத் தூக்கிவாரிப் போடும்.

எங்கள் ஆட்களில் யாருக்காவது கண் சிவந்து வலித்தால் இருட்டில் வைப்பது வழக்கம். வெளிச்சம் கண்ணைத் தின்னும் என்பார்கள். கண்வலிக்குச் சரி. இவளுக்கும் அதுதான் மருந்து என்று நானே முடிவுகட்டினேன். பயந்தவனுக்கு அது எவ்வளவு தோதாக இருந்தது! வீட்டுக்கு ஜன்னல் கிடையாது, வாசலும் குனிந்து நுழைகிற வாசல். உள்ளே உட்காரவைத்து, பொழுதுபோக ஒரு முறம் சாமையைக் கொடுத்துக் கல் பொறுக்கச் சொன்னேன். அப்படியே இரண்டு வருஷம் போயிற்று.

"ஏனுங்க, கோழியப் பஞ்சாரத்துல கவுத்தாப்பல புள்ளையக் கவுத்து வெச்சிருக்கறீங்க. இன்னும் எத்தன நாளைக்குங்க?" என்று என் மனைவி கேட்டாள்.

"கரடி அடிச்சுப் போட்டாப் பரவால்லியா?" என்றேன். எந்தத் தாய் அதற்குப் பதில் சொல்வாள்? அது தெரிந்துதான் கேட்டேன், பாவி நான்.

முதலில் முறத்தை மடியில் வைத்துப் பொறுக்கினாள். பிறகு முறம் நெஞ்சுக்கு ஏறியது. இரண்டாம் வருஷம் மூக்கு நுனியில் உமி ஒட்டியிருக்கும். நான் சிரித்துக்கொண்டே துடைத்துவிடுவேன். ஒருநாள் உள்ளே வந்து, அவளுக்கு நாலெட்டு தள்ளிப் பேசாமல் நின்றேன். நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்து, "யாருங்க?" என்றாள்.

மறுநாளே தோளில் தூக்கிக்கொண்டு அடிவாரத்து முள்ளுக்குறிச்சிக்கு இறங்கினேன். அங்கிருந்து வண்டி, அப்புறம் பஸ், சேலத்தில் ஒரு கண் டாக்டர். குருடாகிவிடுமோ, குருடாகிவிடுமோ என்று வழியெல்லாம் அதே நினைப்பு.

டாக்டர் கண்ணாடித் துண்டுகளை மாற்றி மாற்றி வைத்துப் பார்த்தார். "கிட்டப்பார்வை. குழந்தை பகலெல்லாம் என்ன செய்யும்?"

"வெயில்லயே உடறதில்லீங்க. ஊட்டுக்குள்ளாரயே கல்லு பொறுக்குமுங்க" என்றேன், பெருமையாக.

அவர் பேனாவைக் கீழே வைத்தார். "இருட்டிலா? மூக்குக்கிட்ட வைத்துக்கொண்டா? இரண்டு வருஷமா?" அவர் குரல் உயரவில்லை. உயர்ந்திருந்தால் நானும் கத்தியிருப்பேன். "கெட்டது கெட்டதுதான். மேலும் கெடுவதைத் தள்ளிப்போடப் பார்க்கலாம், அதுவும் உறுதியில்லை. கண்ணாடி தருகிறேன், கழற்றவே கூடாது. தினமும் பகலில் வெளியே விடுங்கள், தூரமாகப் பார்க்கட்டும்."

"வெளிய கரடிங்க."

"கண்ணாடி போட்டால் கரடி தெரியுமே ஐயா!"

கண்ணாடி வந்தது. சாமை பால்பிடிக்கும் நேரம், கிளி விரட்ட அவளைப் பரண்மேல் ஏற்றினேன். நான் அரிவாளோடு கீழே உட்கார்ந்துகொண்டேன். அவள் மேலிருந்து கத்தினாள்: "அப்பா, கிளிக்குக் கழுத்துல செவப்பு இருக்குதுங்கப்பா!" எனக்கோ ஒவ்வொரு புதருக்குள்ளும் கரடிதான். சில நாள் கழித்து, மனைவி திட்டிய திட்டில், அவளைத் தனியே விட்டேன். கண் மேலும் கொஞ்சம் கெட்டது, சில வருஷத்தில் கெடுவது நின்றுவிட்டது. டாக்டர் சொன்னதாலா, தானாகவா, எனக்குத் தெரியாது.

கண்ணாடி வந்த அந்த ஐப்பசியில் ஒருநாள் நண்பகலில் வானம் கறுத்துத் தூறல் பிடித்தது. எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. கொங்காடையைப் போட்டுக்கொண்டு ஓடினேன். பரண்மேல் அவள் எழுந்து நின்று என்னையே பார்த்தாள். கரடி என்று பயந்துவிடப் போகிறாளே என்று தூரத்திலேயே நின்றுவிட்டேன்.

"நாந்தான் சாமி! பயப்படாத!"

"தெரியுதுங்கப்பா" என்றாள். ஆனால் இறங்கி வரவில்லை. கிட்டே போனேன். பரண்மேல் நீண்டிருந்த கம்பை இரண்டு கையாலும் கட்டிப் பிடித்திருந்தாள். கரடியிடம் கூழ் நீட்டியபோது நடுங்காத கை அது. இப்போது நடுங்கியது.

"மறுபடியும் ஊட்டுக்குள்ளார போடவாங்கப்பா வந்தீங்க?"

அதற்குத்தான் வந்திருந்தேன். கொங்காடையைக் கழற்றி மேலே நீட்டினேன். "போட்டுக்க கண்ணு. மழ உட்டா கிளி வரும், பாத்துக்க" என்றேன். நனைந்துகொண்டே திரும்பி நடந்தேன். பத்தடிக்கு ஒருதரம் நின்று திரும்பிப் பார்த்தேன். மூன்றாவது தரம் அவள் அங்கிருந்து கையாட்டினாள்.