உப்புக் குப்பிக்கு ஓர் இடம்

“…ஆக, இனி நான் வீடு கட்டலாம், மச்சான்,” என்றான் ஒதியம்போ. நல்ல செய்தியென்று கை கொடுக்கப் போனேன். என்னைப் போல ஓர் அவசரக்குடுக்கை ஜெர்மனியில் அந்த வுப்பர்டால் நகரத்திலேயே இருந்திருக்க மாட்டான்.

இன்று காலை தனியாக முட்டை அவித்துச் சாப்பிடும்போது, தட்டோரம் நின்ற உப்புக் குப்பிதான் அதைக் கிளறிவிட்டது. ஆஸ்பத்திரித் துணி வெளுக்கிற இடத்தில் நானும் கென்யாக்காரனான அவனும் ஒன்றாக வேலை செய்தோம். சூடான படுக்கை விரிப்புகளின் மணம் சாப்பாட்டு மேசை வரை கூடவே வரும். பேசியதெல்லாம் உடைந்த டொச்சில், ஜெர்மன் மொழியில். ‘மச்சான்’ மட்டும் அவன் என்னிடம் பழகிய சொல். மற்றதை என் தமிழில் சொல்கிறேன்.

அந்த மேசையில் இருக்கிற சாமான்களால் தன் ஊர் வீட்டு வளவை அடுக்கிக் காட்டுவான். அவர்கள் லுவோ இனத்தவர். இரண்டு கரண்டி வாசல். வாசலுக்கு நேரே, உள்ளே தள்ளி, சீனிப் போத்தல். அது அப்பாவின் முதல் மனைவியான அவன் அம்மாவின் வீடு. ஆண்பிள்ளைகளின் குடில்கள் வாசலோரம். மிளகுக் குப்பி அண்ணன், உப்புக் குப்பி இவன். மிளகு நிற்காமல் உப்பு நிற்கக் கூடாது. அண்ணனோ மொம்பாசாவில் மீன்பிடிக்கிறவர். கட்டுகிறேன் கட்டுகிறேன் என்றே வருஷங்களை ஓட்டினார். அதுவரைக்கும் உப்பு இவன் மடியில்.

“அவருக்குச் சொல்லாமல் சின்னதா ஒண்டைப் போடன்,” என்றேன் ஒருநாள்.

“முறை மாறினா வீட்டு ஆக்கள் தேஞ்சு தேஞ்சு சாவினம். ராகுகாலம் எண்டு டொக்டரிட்டைப் போற டெர்மினை மாத்தினனீதானே? பேசாமல் இரு.”

அவன் பயமெல்லாம் ஒன்றுதான்: குடில் இல்லாமல் செத்தால் அவன் உடலை வாசலால் எடுக்க மாட்டார்கள், வேலியைப் பிரித்துத்தான் கொண்டுபோவார்கள். “கள்ளன் மாதிரி,” என்பான்.

வீடு கட்டலாம் என்று சொன்ன அன்று, நான் நீட்டிய கையை அவன் பிடிக்கவில்லை. அண்ணனின் படகு திரும்பவில்லையாம்; உடலும் கிடைக்கவில்லை. ஊரார் அவசரமாக அவருக்கொரு குடில் எழுப்பி, பக்கத்தில் உடலுக்குப் பதிலாக யாகோ மரத்தின் நீண்ட காயைப் புதைத்தார்களாம். இல்லாவிட்டால் ஆவி வீடு தேடி அலையும்.

“அண்ணை வாசலுக்கு வந்திட்டார். இனி முறை பிழையில்லை.”

அந்த மாதமே அவன் ஊருக்குப் போனான். கட்டினானா தெரியாது; பிறகு அவன் நம்பர் வேலை செய்யவில்லை. துணி வெளுத்த கட்டடத்தை இடித்துவிட்டு, இப்போது அங்கே கார் நிறுத்துகிறார்கள்.

அந்தச் செய்தி சொன்ன அன்றும் அவன் கரண்டிகளை வைத்தான். சீனிப் போத்தலை வைத்தான். மிளகுக் குப்பியை வாசலோரம் நிறுத்தினான். உப்பை மட்டும் இடைவேளை முடிகிற மணி அடிக்கும்வரை கையிலேயே பிடித்திருந்தான். பிறகு அதை என் தட்டோரம் வைத்துவிட்டு, மெஷினுக்குத் துணி போடப் போனான்.