கார்பார்க் மாடியில் சனி

தோ பாயோவில் எங்கள் அடுக்குமாடி புளோக்கை ஒட்டிய கார்பார்க்கின் மொட்டை மாடியில் நான் தினமும் சாயங்காலம் நடப்பேன். ஒருநாள் இருட்டுகிற நேரத்தில் அங்கே ஓர் ஆள் தொலைநோக்கியை நிறுத்திவிட்டு, போகிறவர் வருகிறவரையெல்லாம் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"அக்கா, வந்து சனியைப் பாருங்க. காசெல்லாம் வேணாம் லா."

சனியை ஓசியில் காட்டுகிறவரை எப்படி நம்புவது? தேக்கா கடைத்தெருவில் ஒருவர் இப்படித்தான், சும்மா ஜாதகம் பார்க்கிறேன் என்று உட்காரவைத்து, கடைசியில் பரிகார மோதிரத்தை என் தலையில் கட்டப் பார்த்தார்.

"எனக்கு ஜோசியம் வேணாம்" என்றேன்.

"எனக்கு ஜோசியமே தெரியாது அக்கா. நட்சத்திரம் பாக்குறது என் பொழுதுபோக்கு."

குனிந்து பார்த்தேன். வளையத்தோடு, வெட்டி ஒட்டினமாதிரி அத்தனை சுத்தமாக இருந்தது. உள்ளே ஸ்டிக்கர்தான் என்று முடிவு கட்டிவிட்டேன்.

"எதையும் தொடாம, கையைக் கட்டிக்கிட்டு நில்லுங்க" என்றேன், ஏதும் தில்லுமுல்லு செய்துவிடக் கூடாதே என்று.

சிரித்துக்கொண்டே கையைக் கட்டிக்கொண்டார். நான் கண்ணை எடுக்கவில்லை. அது தானாக மெல்ல நகர்ந்து, ஓரத்துக்குப் போய், மறைந்தே போனது.

"பூமி சுத்துதுல்ல, அதான்" என்றார்.

எத்தனையோ சனிக்கிழமை எள் தீபம் ஏற்றியிருக்கிறேன். சனி விலகுவதை என் கண்ணால் பார்த்தது அன்றைக்குத்தான்.