கேமராவைப் போட்டால் வரும் குரல்

என் அக்கா கணவர் கேமரா பழுது பார்ப்பவர். பேருந்து நிலையத்துக்கு எதிரே, மாடிப்படிக்குக் கீழே அவர் கடை. நிமிர்ந்தால் தலை இடிக்கும். மனிதர் பாதி ஆயுளைக் குனிந்தே கழித்துவிட்டார். யார் பழைய டிஜிட்டல் கேமராவோடு வந்து "ஆன் ஆகல" என்றாலும், முதலில் பேட்டரி மூடியைத் திறந்து முகர்ந்து பார்ப்பார். பிறகு அதே பாட்டுதான்.

"எடுக்காதப்ப பேட்டரிய கழட்டி வைங்கன்னு எத்தனை தடவ சொல்றது?"

முதல்முறை வந்தவருக்கும் இதே திட்டு விழும். வந்த கேமராக்களுக்குப் பெயர்ச்சீட்டு ஒட்டுவது என் வேலை. திட்டு வாங்கியவர்களைப் பார்த்துச் சிரித்து அனுப்புவதும் நான்தான்.

அக்கா போய் ஒன்பது வருடம். அவளுடைய கேமரா மட்டும் இழுப்பறையில் இருக்கும். அந்த ரகத்தில், போட்டதும் வரும் ஒலிக்குப் பதிலாக நம் குரலைப் பதிந்துகொள்ளலாம். தினமும் கடையைத் திறந்ததும் மாமா அதைப் போடுவார்.

"கொஞ்சம் சிரிங்களேன்" என்று ஒரு பெண் சொல்வாள். அவர் கண்ணை மூடிக் கேட்டுவிட்டு அணைப்பார். அப்புறம்தான் மற்ற வேலை.

அது அக்காவின் குரல் இல்லை. என் குரல். பதிந்த அன்று அவள் வெட்கப்பட்டு, "நீயே பேசுடி" என்று என்னிடம் தள்ளிவிட்டாள். எங்கள் இருவர் குரலும் ஒன்றுபோல இருக்கும். தொலைபேசியில் அம்மாவே ஏமாறுவாள். அக்கா இறந்த பதினாறாம் நாள் மாமா அதைப் போட்டுக் கேட்டு உடைந்து அழுதபோது, எனக்குச் சொல்ல வாய் வரவில்லை. நாளைக்குச் சொல்லலாம் என்று தள்ளிப்போட்டே வருடங்கள் ஓடிவிட்டன. செத்தவள் இடத்தில் நின்று நான் பேசுவதை ஒவ்வொரு காலையும் நானே கேட்பேன். உடம்பெல்லாம் கூசும்.

போன மாதம் ஒருநாள் கேமரா வாய் திறக்கவில்லை. பொய் சொல்வானேன், எனக்கு அப்பாடா என்றிருந்தது. பிறகுதான் மாமா பொத்தானைத் திரும்பத் திரும்ப அழுத்துவதைப் பார்த்தேன்.

மூடி ஒட்டிக்கொண்டிருந்தது. நெம்பித் திறந்தார். இரண்டு பேட்டரியும் கசிந்து, கம்பிச்சுருளில் பச்சையாகப் பூத்திருந்தது.

"ஊருக்கெல்லாம் சொல்வீங்களே மாமா, இதுல ஏன் கழட்டல?"

"தீர்ந்தா உடனே வேற மாத்திருவேன். கழட்டி வச்சா தேதி அழிஞ்சிரும். அவ கையால வச்ச தேதி."

பஞ்சுக்குச்சியை வினிகரில் தோய்த்துப் பச்சையைத் தேய்த்து எடுத்தார். ஸ்பிரிட்டால் துடைத்துக் காயவைத்தார். புது பேட்டரி போட்டும் ஆன் ஆகவில்லை. மீட்டர் வைத்துப் பார்த்தார், பேட்டரியில் குறையில்லை. அப்போதுதான் சார்ஜ் ஏறிய வேறு இரண்டைப் போட்டார். ஒன்றும் நடக்கவில்லை. அதே இரண்டைக் கழற்றித் திரும்பப் போட்டார்.

என்னால் தாங்க முடியவில்லை.

"விடுங்க மாமா. அது அக்கா இல்ல. நான் பேசினது."

அவர் நிமிரவில்லை. மூடியை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். நெம்பியதில் அதன் ஓரத்துக் குட்டி முனை உடைந்திருந்தது. அந்த முனை உள்ளே அழுத்தினால்தான் மூடி சாத்தியிருப்பது கேமராவுக்குத் தெரியும். என் பெயர்ச்சீட்டு ஒன்றைக் கிழித்து, மடித்து, அந்த இடத்தில் செருகிக் கட்டைவிரலால் அழுத்தினார்.

லென்ஸ் வெளியே வந்தது. "கொஞ்சம் சிரிங்களேன்."

"முதல் நாளே தெரியும்," என்றார் மாமா. "பொண்டாட்டி குரல் தெரியாதா எனக்கு? நீ பேசி முடிச்சதுக்கு அப்புறம் கேளு."

அணைத்து, என் காதருகில் வைத்து மறுபடி போட்டார். என் குரல் முடிந்தது. அதற்குப் பின்னால், தூரத்தில், யாரோ ஒருத்தி அடக்க முடியாமல் களுக்கென்று சிரிக்கத் தொடங்கினாள். அதற்குள் ஒலி அறுந்துவிட்டது.

அக்கா. ஒன்பது வருடமாக நான் என்னை மட்டுமே கேட்டுக்கொண்டிருந்திருக்கிறேன்.

திரை தேதி கேட்டது. மாமா பொத்தான்மேல் விரல் வைத்தார்.

"தேதி கிடக்கட்டும் மாமா," என்றேன். "இன்னொரு தடவ போடுங்க."