செல்விக்கு எடுத்த முகூர்த்தப் பட்டு

இன்று தேனியில் ஒரு பட்டுக்கடை மாடியில் மூன்று மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். என் சித்தி மகள் செல்விக்கு முகூர்த்தப் புடவை. மாப்பிள்ளை வீடுதான் எடுத்துத் தர வேண்டும் என்பது முறை. கெங்குவார்பட்டியிலிருந்து வேன் பிடித்துப் பதினோரு பேர் வந்திருந்தார்கள். முன்வரிசை முழுக்க அவர்கள்தான். கட்டப் போகிறவள் கடைசியில், சுவரோரமாக.

செல்வி அரக்கு நிறப் பட்டு ஒன்றைக் காட்டினாள்.

"அரக்கெல்லாம் செவத்த பிள்ளைகளுக்குத்தான் ஆத்தா. உனக்கு எடுத்தா போட்டோவுல பல்லு மட்டுந்தான் தெரியும்" என்றார் மாப்பிள்ளையின் அத்தை. எல்லோரும் சிரித்தார்கள்.

மாமியார் ரோஸ் நிறத்தை எடுத்தார். அதைச் செல்வி மேல் வைத்துப் பார்க்கவில்லை. கடையில் வேலை பார்க்கும் சிவந்த பெண்ணின் தோளில் போட்டு, சென்னையில் இருக்கும் மகனுக்கு வீடியோ காலில் காட்டினார்.

"பாருய்யா, எல்லாரும் இதுதான்னு சொல்றாக."

"சூப்பர்ம்மா, இதையே எடுங்க" என்றார் மாப்பிள்ளை.

செல்வி எழுந்தாள். அரக்குப் பட்டைத் தன் தோளில் போட்டுக்கொண்டு போன் முன்னால் போய் நின்றாள்.

"அந்த அக்காவுக்குக் கல்யாணமாகி ரெண்டு பிள்ளைக இருக்காம். கட்டப் போறது நான். இது எப்படி இருக்கு, சொல்லுங்க."

மாடியே அவர் வாயைப் பார்த்தது.

"அம்மாட்ட கேட்டுச் சொல்றேன்" என்றார். சாஃப்ட்வேர் கம்பெனியில் முப்பது பேரை மேய்க்கிறவராம்.

பில் ரோஸ் நிறத்துக்குத்தான் போட்டார்கள்.

நாளை மாப்பிள்ளைக்கு நாங்கள் பட்டு வேட்டி எடுக்க வேண்டும். வெள்ளையா, சந்தனமா? உங்கள் அம்மாக்களிடம் கேட்டுச் சொல்லுங்கள்.